பிக்கப் வண்டியின் நீர்ப்பம்பி கசிதலும் அதனை வீட்டில் மாற்றும் முறையும்

வெங்காயமும் கத்தரிக்காயும் ஏற்றிய பிக்கப் வண்டி இடைவழியில் நின்றுவிடின், நட்டம் வண்டியோடு முடிவதில்லை. பிடுங்கிய மரக்கறி வெயிலில் வாடும். விடியற்காலைச் சந்தை தவறும். அடுத்த நாள் விலை வேறாயிருக்கும். வண்டிகள் இவ்வாறு வழியில் நிற்பதற்குரிய காரணங்களுள் இயந்திரம் அளவுக்கு மிஞ்சிச் சூடேறுதல் முக்கியமான ஒன்றாகும். அச்சூட்டுக்குப் பெரும்பாலும் முன்னறிவித்தல் உண்டு. இரவில் நிறுத்திய வண்டியின் முன்புறத்தில், விசிறிக்கு நேர் கீழே, காலையிற் காணப்படும் கையகல ஈரமே அவ்வறிவித்தல். அதனைக் கண்டும் பொருட்படுத்தாது, றேடியேற்றரில் ஒரு போத்தல் நீரை ஊற்றிவிட்டுப் புறப்படுவோர் பலர். ஊற்றும் நீர் ஒரு போத்தலிலிருந்து இரண்டாகி, இரண்டு நாலாகிய பின்னரே அவர்கள் வண்டியைத் திருத்தகத்துக்குக் கொண்டுசெல்கின்றனர். அதற்குள் பம்பியின் விலையைப் போலப் பலமடங்கு செலவு வைக்கும் சேதம் இயந்திரத்தின் உள்ளே நேர்ந்துவிடக்கூடும்.

கசியும் நீர்ப்பம்பியை மாற்றுதல், ஸ்பானர் பிடித்துப் பழகிய கமக்காரர் ஒருவர் தம் வீட்டு முற்றத்திலேயே ஒரு பகலிற் செய்து முடிக்கக்கூடிய வேலையாகும். நீர் இறைக்கும் இயந்திரத்தையும் இருசில்லு உழவு இயந்திரத்தையும் தாமே கழற்றிப் பூட்டுபவருக்கு இதிற் புதுமை அதிகமில்லை. எனினும் எல்லா வண்டிகளுக்கும் இது பொருந்தாது. டொயோட்டா ஹைலக்ஸ் வண்டிகளிற் காணப்படும் 2எல், 3எல் என்னும் பழைய டீசல் இயந்திரங்களைப் போல, நீர்ப்பம்பி முன்புறத்தில் அமைந்து விசிறிப் பட்டியினாற் சுழற்றப்படும் வண்டிகளையே இங்கு கருதுகின்றோம். சில இயந்திரங்களில் பம்பியைச் சுழற்றுவது உள்ளேயுள்ள ரைமிங் பட்டியாகும். அப்பட்டியை ஒரு பல் பிசகாகப் பூட்டினாலும் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைய இடமுண்டாகையால், அத்தகைய வண்டியைத் தேர்ந்த மெக்கானிக் ஒருவரிடம் விடுதலே தக்கது.

பம்பியும் அதன் கசிவுத் துளையும்

டீசல் எரிவதனால் உண்டாகும் வெப்பத்தில் ஏறத்தாழ நாலிலொரு பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரை குளிராக்கும் நீரே வெளியே கொண்டுசெல்கின்றது. அந்நீரை இயந்திரத்துக்கும் றேடியேற்றருக்கும் இடையே ஓயாது சுற்றிவரச் செய்வது நீர்ப்பம்பி. அதன் அமைப்பு எளிது. வெளியே கப்பி, உள்ளே தகடுகளுடைய சுழலி, இரண்டையும் இணைக்கும் தண்டு, தண்டைத் தாங்கும் பெயாரிங், நீர் பெயாரிங்கை எட்டாதவாறு தடுக்கும் சீல் ஆகியனவே அதன் உறுப்புகள். சீல் என்பது வில்லினால் அழுத்தப்பட்ட கரி வளையம் ஒன்று, வழுவழுப்பான மற்றொரு வளையத்தின்மீது உரசிச் சுழலும் அமைப்பாகும். சீலுக்கும் பெயாரிங்குக்கும் இடையில், பம்பியின் உடலின் கீழ்ப்புறத்திற் சிறு துளை ஒன்று இருக்கும். சீல் தேய்ந்து நீர் கடக்கத் தொடங்கும்போது, அந்நீர் பெயாரிங்கினுள் நுழையாது வெளியே வடிவதற்கென்றே இத்துளை வைக்கப்பட்டுள்ளது.

தோட்டக் கிணற்றில் நீர் இறைக்கும் பம்பியைக் கையாண்டு பழகியோர் இங்கு ஒரு தவறான முடிவுக்கு வருவதுண்டு. கயிறு சுற்றி இறுக்கிய கிளாண்ட் உடைய இறைப்புப் பம்பியில் இடையிடையே ஒரு துளி சொட்டுவது குற்றமன்று. அத்துளியே தண்டைக் குளிராக்கி, கயிறு கருகாது காக்கின்றது. அளவுக்கு மேற் சொட்டினால் சுரையைச் சற்று இறுக்கினாற் போதும். வண்டியின் நீர்ப்பம்பியில் இறுக்குவதற்கு எதுவுமில்லை. தேய்ந்த சீல் தானாகத் திரும்பப் பொருந்துவதுமில்லை. புதிதாகப் பூட்டிய பம்பி முதல் நாளில் ஓரிரு துளி கசிந்து பின் நின்றுவிடலாம். பழைய பம்பியின் துளையிலிருந்து தொடர்ந்து நீர் வருமாயின் அதனை மாற்றுதல் தவிர வேறு வழியில்லை.

துளையைத் தீக்குச்சியாலோ சவர்க்காரத்தாலோ ஒட்டுமருந்தாலோ அடைப்பவர்களும் உளர். அதனால் வெளியே போகவேண்டிய நீர் பெயாரிங்கினுள் திரும்பி, அதன் மசகைக் கழுவிவிடும். சில நாட்களிற் பெயாரிங் ஆடத் தொடங்கும். பின்னர் தண்டு தளர்ந்து, ஓடும் விசிறி முன்னோக்கிச் சாய்ந்து றேடியேற்றரைக் கிழித்துவிடும். மஞ்சள் தூளை அல்லது மிளகுத் தூளை றேடியேற்றரில் இடும் பழைய சாரதிமாரின் வழக்கமும் இங்கு உதவாது. அசையாத குழாயிலுள்ள ஊசித்துளையை அது சிறிது நேரத்துக்கு அடைக்கலாம். சுழலும் சீலில் அது தங்காது. மாறாக, றேடியேற்றரின் ஒடுங்கிய குழாய்களிற் போய்ப் படிந்துவிடும்.

கசிவு எங்கிருந்து வருகின்றது?

பம்பியைக் கழற்றுமுன் குற்றம் பம்பியினதே என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். இயந்திரம் ஆறியிருக்கும்போது முன்புறத்தைத் துணியால் துடைத்து உலர்த்தி, கீழே சுத்தமான கடதாசி மட்டை ஒன்றை விரித்து இரவு முழுவதும் விட்டால், துளி விழும் இடம் தெரியும். விசிறியின் காற்று நீரை நாலாபுறமும் சிதறச் செய்வதால், ஓடிய வண்டியில் ஈரம் காணப்படும் இடத்தை மட்டும் கொண்டு முடிவு செய்தல் கூடாது. றப்பர்க் குழாய்களின் நுனிகள், கிளிப்புகள், றேடியேற்றரின் கீழ் மூலைகள் ஆகியவற்றையும் பார்த்தல் வேண்டும். பத்து நிமிட வேலையில் ஒரு கிளிப்பை மாற்றித் தீரக்கூடிய குற்றத்துக்குப் பம்பி வாங்கியவர்களும் இருக்கின்றனர்.

கசிவுத் துளையிலிருந்து கீழ்நோக்கி வெள்ளையாகவோ பச்சையாகவோ செங்கபிலமாகவோ ஒரு கோடு காய்ந்து படிந்திருப்பின், அது பம்பியின் கசிவேயாகும். மேலும், இயந்திரத்தை நிறுத்திப் பட்டியைக் கழற்றியபின், விசிறியின் எதிரெதிர் இதழ்கள் இரண்டைப் பிடித்து முன்னும் பின்னும் அசைத்துப் பார்க்கலாம். பம்பியின் தண்டில் ஆட்டம் தெரிந்தாலோ, கையாற் சுழற்றும்போது கரகரப்பு உணரப்பட்டாலோ, பெயாரிங்கும் போய்விட்டது என்று கொள்க. அத்தகைய வண்டியைச் சந்தைக்கு இன்னும் ஒரு முறை கொண்டுபோய் வருவோம் என்று எண்ணுதல் தகாது.

எண்ணெய் அளக்கும் கோலையும் இழுத்துப் பார்க்க வேண்டும். எண்ணெய் பாலேடுபோல வெளிறியிருந்தால் நீர் இயந்திரத்தின் உள்ளே புகுந்துள்ளது; குற்றம் ஹெட் கஸ்கட்டிலோ வேறிடத்திலோ இருக்கும். வெளியே ஈரமே இல்லாமல் நீர் குறைந்துவரினும் அதே ஐயம் கொள்ள வேண்டும். அது வீட்டு முற்றத்திற் செய்யும் வேலையன்று.

வாங்க வேண்டியவை

புதுப் பம்பியை வண்டியின் ஆண்டைச் சொல்லி வாங்குவதிலும் பார்க்க, இயந்திரத்தின் வகையையும் இலக்கத்தையும் எழுதிக்கொண்டு போய் வாங்குதல் நன்று. நம் நாட்டில் ஓடும் பழைய வண்டிகள் பலவற்றில் இயந்திரம் இடையில் மாற்றப்பட்டிருக்கும்; பதிவுப் புத்தகத்திலுள்ள ஆண்டு பம்பிக்குப் பொருந்தாது போகலாம். இயலுமாயின் பழைய பம்பியைக் கழற்றிக் கொண்டுபோய்ப் பக்கத்தில் வைத்து, ஆணித் துளைகள், கப்பி பூட்டும் தட்டின் உயரம், சுழலியின் ஆழம் மூன்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். புதுப் பம்பியின் தண்டு கையாற் சுழற்றும்போது ஒரே சீராகத் திரும்புதல் வேண்டும்.

கஸ்கட் பம்பியோடு வருகின்றதா என்று கேட்டு வாங்குக. விசிறிப் பட்டியில் வெடிப்புக் காணப்பட்டால், அல்லது கீழ்க் குழாய் கையால் அமுக்கும்போது கஞ்சிபோல் இளகியிருந்தால், அவற்றையும் இப்போதே மாற்றுதல் சிக்கனமாகும். பின்னர் அவற்றுக்காக மீண்டும் நீர் முழுவதையும் இறக்க வேண்டியிருக்கும். றேடியேற்றர் மூடியின் றப்பரையும் சோதிக்க வேண்டும். மூடி அழுத்தத்தைத் தாங்கி நிற்பதனாலேயே நீர் 100 பாகை செல்சியஸில் கொதியாதிருக்கின்றது. ஒரு சதுர சென்ரிமீற்றருக்கு 0.9 கிலோகிராம் அழுத்தத்தைத் தாங்கும் மூடியின் கீழ் நீர் 118 பாகை வரையிற் கொதிப்பதில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில், திறந்த பாத்திரத்திலுள்ள நீர் ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடும். ஆகவே லீக்ஸும் கரட்டும் ஏற்றி மலைப்பாதையில் ஓடும் வண்டிக்குப் பழுதான மூடி பெருந்தீங்காகும்.

கழற்றுதல்

முதல் நாள் மாலையில் வண்டியைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்குக் கட்டை வைத்து, இரவு முழுவதும் ஆறவிட வேண்டும். சூடான றேடியேற்றரின் மூடியைத் திறத்தல் ஆபத்தானது. உள்ளே அழுத்தத்தில் இருக்கும் நீர், மூடி திறந்த கணமே கொதித்து ஆவியாகப் பீறிட்டு முகத்தையும் மார்பையும் வேகவைத்துவிடும். குளிர்ந்தது என்று தோன்றினாலும் தடித்த துணியைப் போட்டு, முகத்தை விலக்கி, முதற் படிவரை திருப்பி நிறுத்தி, சீறல் ஏதும் இல்லையென்று கண்ட பின்னரே முழுவதும் திறத்தல் வேண்டும். பற்றறியின் எதிர்முனைக் கம்பியையும் கழற்றி வைக்க.

றேடியேற்றரின் அடியிலுள்ள வடிகுழாய்த் திருகைத் திறந்து நீரை அகன்ற பாத்திரத்தில் ஏந்திக்கொள்ள வேண்டும். இறங்கிய நீரை அளந்து குறித்துக்கொண்டால், பின்னர் நிரப்பும்போது உள்ளே காற்று அகப்பட்டிருக்கின்றதா என்பதை அவ்வளவு காட்டிக்கொடுக்கும். கூலன்ற் கலந்த நீர் பெரும்பாலும் எதிலீன் கிளைக்கோல் என்னும் நஞ்சை உடையது. அது இனிப்பானது, ஆகையால் நாயும் ஆடும் கன்றும் விரும்பி நக்கும். சிறிதளவு உட்கொண்டாலும் சிறுநீரகம் கெட்டு இறந்துவிடும். அதனை முற்றத்திலோ வாய்க்காலிலோ கிணற்றடியிலோ ஊற்றுதல் கூடவே கூடாது. யாழ்ப்பாணத்தில் வெடிப்புகளும் துளைகளும் நிறைந்த சுண்ணக்கல்லினூடாக நிலத்தில் ஊற்றுவது விரைவில் நிலத்தடி நீரைச் சேர்கின்றது, அந்நீரே குடிநீருமாகும். பழைய நீரை மூடியுள்ள கலனில் இட்டு, மேலே எழுதி ஒட்டி, பிள்ளைகளுக்கு எட்டாத இடத்தில் வைத்துத் திருத்தகம் ஒன்றிற் கையளிக்க வேண்டும். குளிர்பானப் போத்தலில் ஊற்றி வைத்தல் ஒருபோதும் ஆகாது.

அடுத்து, விசிறியைச் சூழவுள்ள காப்புறையைக் கழற்றுக. பட்டி இறுக்கமாக இருக்கும்போதே கப்பியின் சுரைகள் நாலையும் சற்று இளக்கிவிடுதல் ஒரு நல்ல உபாயம். பட்டியை எடுத்தபின் கப்பி சுரையோடு சேர்ந்து சுழன்று தொல்லை தரும். பின்னர் மின்பிறப்பாக்கியின் ஆணியைத் தளர்த்திப் பட்டியை எடுத்து, விசிறியைக் கழற்றலாம். றேடியேற்றரின் மெல்லிய தகடுகளுக்கு முன்னே ஒரு மட்டையைச் செருகி வைத்தால், கை வழுவினாலும் ஸ்பானர் அவற்றைக் குத்தாது. விசிறியின் நடுவில் எண்ணெய் நிரம்பிய இணைப்பு இருப்பின், விசிறியைப் படுக்க வைக்காது, வண்டியில் நின்ற நிலையிலேயே நிறுத்தி வைத்தல் வேண்டும். படுக்க வைத்தால் உள்ளிருக்கும் எண்ணெய் ஒழுகிவிடும்.

பம்பியைப் பிடித்திருக்கும் மரையாணிகள் ஒரே நீளமானவையல்ல. நீண்ட ஆணியைக் குறுகிய துளையில் இட்டு இறுக்கினால் வார்ப்பிரும்பு வெடிக்கும். குறுகியதை நீண்ட துளையில் இட்டால் மரை கழன்றுவிடும். கடதாசி மட்டையொன்றிற் பம்பியின் வடிவத்தை வரைந்து, கழற்றும் ஒவ்வோர் ஆணியையும் அதற்குரிய இடத்திற் குத்தி வைத்தால் குழப்பம் நேராது. துருப்பிடித்த ஆணியை வலிந்து திருப்பலாகாது. துருநீக்கும் எண்ணெய் இட்டு அரைமணி நேரம் விட்டு, தலையில் இலேசாகத் தட்டி, முன்னும் பின்னுமாகச் சிறிது சிறிதாக அசைக்க வேண்டும். இவ்வேலை முழுவதிலும் பெருந்தொல்லை தருவது உட்புறத்தில் முறிந்த ஆணியே; பொறுமையாகக் கழிக்கும் அரைமணி நேரம் அதனைத் தவிர்க்கும்.

ஆணிகள் யாவும் வந்த பின்னரும் பம்பி ஒட்டிக்கொண்டிருக்கும். மரச்சுத்தியலால் பக்கங்களிலே தட்டினாற் பெயர்ந்துவிடும். இடுக்கில் உளியைச் செருகி நெம்புதல் கூடாது. அதனால் உண்டாகும் கீறல் புதுக் கஸ்கட்டிலும் நீரை விடும்.

முகத்தைச் சுத்தஞ் செய்தல்

வீட்டிற் பூட்டிய பம்பி மறுபடியும் கசிவதற்குக் காரணம் பெரும்பாலும் பம்பியன்று, பழைய கஸ்கட்டின் எச்சமே. இயந்திரத்தின் முகத்திலே நீர் செல்லும் வாயைச் சுத்தமான துணியால் அடைத்துவிட்டு, பழைய கடதாசியையும் பசையையும் தட்டையான சுரண்டியினால் முழுவதும் நீக்குதல் வேண்டும். உலோகத்தை அராவுதல் கூடாது. விரலால் தடவும்போது மேடுபள்ளம் தெரியாதிருக்க வேண்டும். அவசரப்படுவோர் இவ்விடத்திலேயே நேரத்தை மிச்சம் பிடிக்க முயல்வர். ஆயினும் கழற்றுதலுக்கும் பூட்டுதலுக்கும் செலவிடும் நேரத்திலும் பார்க்க இதற்கு அதிகம் செலவிடினும் தகும். ஆணித் துளைகளிலுள்ள துருவையும் நீரையும் அகற்றுக.

துணியை எடுக்குமுன் உள்ளே பார்த்தல் நன்று. செம்மண் போன்ற சேறு படிந்திருந்தால் துருநீக்கும் கூலன்ற் இடப்படாது நெடுங்காலம் வெறும் நீரிலேயே வண்டி ஓடியிருக்கின்றது என்பது பொருள். குழாயைப் பிடித்து, தெளிந்த நீர் வரும்வரை கழுவ வேண்டும். வெள்ளையாகக் கல்போற் படிந்திருப்பது சுண்ணாம்பு. இது கிணற்று நீரின் வன்மையினால் வருவது.

பூட்டுதல்

கஸ்கட்டை உலர்ந்த முகத்தில் வைத்து, உற்பத்தியாளர் பசை வேண்டுமென்று குறித்திருந்தால் மட்டும் மெல்லிய பூச்சாகப் பூசுக. பசை தடித்தால், இறுக்கும்போது உட்புறம் பிதுங்கி, உதிர்ந்து, றேடியேற்றரின் குழாய்களை அடைக்கும். ஆணிகள் எல்லாவற்றையும் முதலிற் கையால் திருகி, பின்னர் ஒன்றுக்கொன்று எதிரெதிரான ஒழுங்கில் இரண்டு மூன்று முறையாக இறுக்க வேண்டும். இயந்திரக் கைந்நூலில் அளவு இருப்பின் அதுவே முடிவானது. இல்லாவிடின் 8 மில்லிமீற்றர் ஆணிக்கு ஏறத்தாழ 18 முதல் 22 நியூட்டன் மீற்றரும், 6 மில்லிமீற்றர் ஆணிக்கு 8 முதல் 10 நியூட்டன் மீற்றரும் போதுமானவை. சிறு ஸ்பானரை ஒரு கையால் இறுக்கும் பலமே அது; நெம்புகுழாய் செருகி இறுக்கப்பட வேண்டியதன்று.

பட்டியின் இறுக்கத்திலே கவனம் வேண்டும். இரு கப்பிகளுக்கு இடைப்பட்ட நீண்ட பகுதியின் நடுவிற் பெருவிரலால் பலமாக அழுத்தினால் பட்டி ஏறக்குறைய 10 மில்லிமீற்றர் இறங்குதல் வேண்டும். தளர்ந்தால் வழுக்கிக் கீச்சிடும். கீச்சொலிக்கு அஞ்சி வீணை நரம்புபோல் இறுக்குவோர் புதுப் பம்பியின் பெயாரிங்கை ஒரு போகத்துக்குள்ளேயே தேய்த்துவிடுவர்.

நீர் நிரப்புதல்

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீர் சுண்ணாம்பு மிக்கது. கடலோரக் கிணறுகளில் உப்பும் சேர்ந்திருக்கும். சுண்ணாம்பு சூட்டினாற் படிந்து வெப்பம் கடப்பதைத் தடுக்கும். உப்பு உலோகத்தை அரிக்கும். உலர் வலயத்தின் வேறு பல பகுதிகளிலும் கிணற்று நீர் வன்மையானதே. ஆகையால் பற்றறிக்கு விடும் வடித்த நீர், அல்லது சுத்தமாக ஏந்திய மழைநீர் நன்று. அதனோடு சரிபாதி கூலன்ற் கலந்து விடலாம். நம் நாட்டில் நீர் உறைந்து இயந்திரம் வெடிக்கும் அச்சம் இல்லையே என்று கூலன்றை ஒதுக்குதல் தவறு. துருவைத் தடுத்தலும் சீலை மசகிடுதலும் அதன் பிற பயன்கள். வெவ்வேறு வகைக் கூலன்றுகளை ஒன்றோடொன்று கலக்கலாகாது.

பற்றறியின் கம்பியைத் திரும்பப் பூட்டி, வண்டியினுள்ளே சூடேற்றி இருந்தால் அதனை முழுச் சூட்டில் வைத்து, மெதுவாக ஊற்ற வேண்டும். மேல் மட்டத்துக்கு வந்ததும், ஆறிய இயந்திரத்தை மூடியின்றி மெதுவாக ஓடவிட்டு, சற்று விலகி நின்று பார்க்க. குமிழிகள் வெளிவர, நீர் இறங்கும்; இறங்க இறங்க ஊற்றுக. வெப்பநிலைநிறுத்தி ஏறத்தாழ 82 முதல் 88 பாகையிற் திறக்கும்போது மேற்குழாய் திடீரெனச் சூடாகும். அதன் பின்னும் குமிழி நின்று மட்டம் நிலைத்தால் மூடியை இடலாம். ஊற்றிய அளவு, இறக்கிய அளவிலும் பார்க்க ஒரு லீற்றர் குறைந்திருந்தாலும் உள்ளே காற்று இருக்கின்றது என்று கொள்ள வேண்டும். காற்று அகப்பட்ட வண்டி புதுப் பம்பியுடனும் கொதிக்கும்.

முதல் ஓட்டம் வெறும் வண்டியுடன், வீட்டுக்கு அண்மையில் இருத்தல் வேண்டும். மறுநாட் காலையில் ஆறிய நிலையில் மட்டத்தைப் பார்த்து, குறைந்திருப்பின் நிரப்பி, ஒரு வாரம் வரை நாள்தோறும் அவ்வாறு பார்த்த பின்னரே பாரம் ஏற்றித் தூரப் பயணம் போகலாம்.

வழியிற் சூடேறினால்

பம்பியை மாற்றுமுன்னரே வண்டி வழியிற் கொதிக்கத் தொடங்கினால், குளிரூட்டியை நிறுத்தி, சூடேற்றியை முழுதும் திறந்து, ஓரமாக நிறுத்தி இயந்திரத்தை அணைக்க வேண்டும். சூடுகாட்டும் முள் ஏறிப் பின் திடீரெனத் தாழ்ந்தால் ஆபத்து நீங்கியது என்று எண்ணற்க. நீர் மட்டம் உணர்கருவிக்குக் கீழே இறங்கிவிட்டால் முள் பொய் சொல்லும். அரைமணி நேரத்துக்குக் குறையாது ஆறவிட்ட பின்னரே மூடியைத் தொடலாம். கொதிக்கும் இயந்திரத்தில் தண்ணீரைத் திடீரென ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வளையும், அல்லது வெடிக்கும். ஆறியபின் கிடைக்கும் எந்த நல்ல நீரையும் ஊற்றி அண்மையிலுள்ள இடத்துக்கு மெதுவாகச் செல்லலாம். கிணற்று நீராயிருந்தால், வீடு சேர்ந்ததும் அதனை இறக்கிவிட வேண்டும்.

பம்பி மாற்றிய திகதியையும் அப்போது வண்டி ஓடியிருந்த கிலோமீற்றரையும் ஒரு துண்டுக் கடதாசியில் எழுதி, வண்டியின் ஆவணங்களோடு வைக்க. பழைய பம்பியை உடனே இரும்புக்காரருக்கு விற்றுவிடாது, புதியது ஒரு மாதம் கசியாது ஓடும்வரை வைத்திருத்தல் நன்று. கடையில் தவறான உறுப்பைத் தந்திருந்தால் ஒப்பிட்டுக் காட்ட அது உதவும்.